வலியோடு விடியும் ராத்திரிகள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் கார்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். சூரியகாந்தித் தோட்டத்துக்கு நடுவே நின்று படம் எடுக்க ஒரு கூட்டம். ‘ரோஜா’ படத்தில் பார்த்த ஊரை நேரில் பார்க்க ஒரு கூட்டம். ‘அந்நியன்’ பாட்டுக்காகப் பெயின்ட் அடித்த பாறைகளைத் தேடி இன்னொரு கூட்டம். எல்லோரும் பொழுது சாய்வதற்குள் குற்றாலத்துக்கோ தென்காசிக்கோ திரும்பிவிடுவார்கள்.

ஊரின் ராத்திரி அவர்கள் கண்ணில் படுவதில்லை. தென்காசியைச் சுற்றி எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சில வீடுகளில் லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். முழங்காலைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருக்கும் ஆச்சி, இடுப்பு வலியில் புரண்டு புரண்டு படுக்கும் விவசாயி, கை மரத்துப்போய் எழுந்து உதறிக்கொண்டிருக்கும் பீடி சுற்றும் பெண். காலையில் கேட்டால் “ராத்திரி பொட்டு உறக்கம் இல்ல” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த நாளும் இதேதான்.

பகலில் தாங்கிக்கொள்ள முடிகிற வலி ராத்திரியில் ஏன் பூதாகரமாகிறது? முதல் காரணம் சாதாரணமானது. பகலில் அடுப்பு, தோட்டம், பிள்ளைகள், பேச்சு என்று மனசுக்கு வேறு வேலை இருக்கிறது. ராத்திரியில் ஊர் அடங்கியதும் வலி மட்டும்தான் துணைக்கு இருக்கிறது. இரண்டாவது காரணம் உடம்புக்குள் இருக்கிறது. வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் கார்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாகச் சுரக்கும். விடியும் நேரத்தில்தான் மறுபடி கூடும். மூட்டுவாதக்காரர்களுக்குப் பின்னிரவில் வலி கூடுவதற்கும், காலையில் கை விரல்களை மடக்க முடியாமல் போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மூன்றாவது, படுக்கும் விதம். வலிக்கிற தோளின் மேலேயே ஒருக்களித்துப் படுத்தால் அது சும்மா இருக்குமா?

இவ்வளவுதானா என்றால், இல்லை. வலியால் தூக்கம் கெடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பது பலருக்குத் தெரியாது. 1975-ல் கனடாவின் டொரன்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். எந்த வலியும் இல்லாத சிலரைத் தூங்க வைத்து, ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில ராத்திரிகளிலேயே அவர்களுக்கு உடம்பெல்லாம் வலியும் சோர்வும் வந்துவிட்டன. அடியும் இல்லை, நோயும் இல்லை, உறக்கம் கலைந்ததே வலியானது.

2013-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. இன்றைய வலி நாளைய தூக்கத்தைக் கெடுப்பதைவிட, இன்று கெட்ட தூக்கம் நாளைய வலியைக் கூட்டுவதுதான் வலுவான தொடர்பு. நாள்பட்ட வலிக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. பத்து வருஷத்து முழங்கால் தேய்மானத்தை ஒரே மாதத்தில் சரிசெய்துவிட முடியாது. உறக்கத்தைக் கொஞ்சம் சீர்படுத்தலாம். சங்கிலியை இந்தப் பக்கமிருந்தும் அறுக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால், வலி எந்த ரகம் என்று தெரிந்தாக வேண்டும். இந்த விஷயத்தில் நெல்லை, தென்காசிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வலிக்கு அவர்களிடம் அத்தனை சொற்கள் இருக்கின்றன. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், குத்தல், பிடிப்பு, சுளீர், விண்விண், மதமதப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனதும் இத்தனையையும் விட்டுவிட்டு “வலிக்கி டாக்டர்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். டாக்டரும் ஒரே மாத்திரையில் முடித்துவிடுகிறார். ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-ல் வலிக்கான சொற்களையே அடுக்கி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். உலகம் முழுக்க இன்றும் அது பயன்படுகிறது. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் அதன் அடிப்படை.

பாதம் எரிகிறது, ஊசியாகக் குத்துகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை, ராத்திரியில்தான் ஜாஸ்தி என்றால் அது நரம்பு வலி. சர்க்கரைக்காரர்களுக்கு இது ரொம்பச் சகஜம். வழக்கமான வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், நடுராத்திரியில் எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்றால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறது என்று அர்த்தம். தோளைத் தூக்க முடியவில்லை, அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை என்றால் தோள் இறுக்கமாக இருக்கலாம். அதுவும் சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் தேடி வரும். வலி என்றுகூடச் சொல்ல முடியவில்லை, காலுக்குள் என்னமோ ஊருகிற மாதிரி இருக்கிறது, எழுந்து நடந்தால்தான் சரியாகிறது என்பவர்களுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. வலி மாத்திரை வேண்டியதில்லை. மூட்டுவாதம் என்றால் காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குக் கை கால் இறுகிக் கிடக்கும். தேய்மானம் என்றால் எழுந்து நாலு எட்டு வைத்ததும் விட்டுவிடும். இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே கவனிக்கலாம்.

“சாரல் விழுந்தா மூட்டு பேசும்” என்று பெரியவர்கள் சொல்வதை டாக்டர்கள் சிரித்து ஒதுக்கிய காலம் உண்டு. பிரிட்டனில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் ஒரு மொபைல் ஆப்பைக் கொடுத்து, மாதக்கணக்கில் தினசரி வலியைப் பதியச் சொன்னது. அவரவர் இருந்த இடத்து வானிலையோடு அதை ஒப்பிட்டு 2019-ல் முடிவை வெளியிட்டது. ஈரப்பதம் கூடி, காற்று வேகமாக வீசி, காற்றழுத்தம் குறைந்த நாட்களில் வலி கூடுதலாக இருந்திருக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்த வானிலை என்றால் குற்றாலத்துச் சாரல் காலத்தையே சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் சின்னதுதான். ஆஸ்திரேலியாவில் முதுகுவலிக்காரர்களிடம் எடுத்த ஆய்வில் வானிலைக்கும் வலிக்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஆகவே, சாரல் வந்தால் கூடுதலாக ஒரு போர்வை, முழங்காலுக்கு ஒரு கம்பளித்துணி, ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவைப்பது போதும். சீசன் முடியும்வரை எப்படியும் வலிக்கத்தான் செய்யும் என்று படுத்துக்கிடந்தால், நடமாட்டம் குறைந்தே வலி இன்னும் கூடிவிடும்.

படுக்கைக்கு வருவோம். முதுகுவலி என்றதும் மெத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறுந்தரையில் படுப்பவர்கள் ஏராளம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ரொம்பக் கெட்டியான மெத்தையும் மீதிப் பேருக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில் நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்திருந்தது. நல்ல இலவம்பஞ்சு மெத்தையோ, பாயின் மேல் மடித்துப் போட்ட இரண்டு ஜமுக்காளமோ வெறுந்தரையைவிட மேல். நடுவில் குழிந்து தொங்கும் கட்டில் ஆகாது. முழங்கால் வலிக்காரர்கள் தரையில் படுத்தால், எழுவதுதான் பெரும்பாடு. ராத்திரி பாத்ரூம் போக வேண்டிய வயதில் கட்டில் ஆடம்பரம் இல்லை.

இடுப்புவலிக்காரர்கள் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் வைக்கலாம். பழைய சேலையைச் சுருட்டி வைத்தாலும் போதும். தோள் வலிக்காரர்கள் வலிக்காத பக்கம் படுத்து, வலிக்கிற கையைத் தலையணை மேல் போட்டுக்கொண்டால் தோள் தொங்காது. மணிக்கட்டு மரத்துப்போகிறவர்களுக்கு, கையை நேராக வைத்திருக்கும் பட்டை மெடிக்கலில் கிடைக்கும். ராத்திரியில் மட்டும் மாட்டிக்கொண்டாலே பலருக்கு உறக்கம் வந்துவிடும்.

படுக்கும் விதமும் மருத்துவம்தான் என்பதைப் பக்கத்து ஆய்க்குடியில் கேட்டால் சொல்வார்கள். 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்களை ராத்திரியில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது இத்தகைய மறுவாழ்வு மருத்துவத்தின் அரிச்சுவடி. யாரும் அதைச் சின்ன விஷயம் என்று விடுவதில்லை. நாள்பட்ட வலிக்காரர் தலையணையை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

படுப்பதற்கு முன் வெந்நீர் ஒத்தடமோ, சுடவைத்த உப்பு மூட்டையோ தசைப்பிடிப்புக்கு நல்லது. தைலம் தேய்த்தால் வலி குறைவது வெறும் மனப்பிராந்தி இல்லை. தேய்க்கிற உணர்வு, வலி மூளைக்குப் போகிற வழியில் ஒரு கதவைச் சாத்துகிறது என்று மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-லேயே விளக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. பாதம் மதமதத்துப்போன சர்க்கரைக்காரர்கள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் கொப்புளம் கிளம்பி, புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

இத்தனையும் செய்தும் ஒன்றரை மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உறக்கத்தோடு மல்லுக்கட்டுவார்கள். மணி பார்ப்பார்கள். இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கிலேயே மிச்ச உறக்கமும் போய்விடும். நாளடைவில் பாயைப் பார்த்தாலே உடம்புக்கு உறக்கம் ஞாபகம் வராது, வலிதான் ஞாபகம் வரும். சுமார் 20 நிமிடம் ஆகியும் கண் அசரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும் என்கிறது தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை. மணி பார்க்காமல், உத்தேசமாக 20 நிமிடம். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, மெல்லிய குரலில் பாட்டோ ரேடியோவோ கேட்கலாம். கண் சொக்கும்போது திரும்ப வந்து படுக்கலாம். எத்தனை மணிக்கு உறங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். பகல் உறக்கம் அரை மணிக்கு மேல் கூடாது, அதுவும் மூன்று மணிக்கு முன்னால். முதல் ஒரு வாரம், பத்து நாள் தலை கிறுகிறுக்கும். அதைத் தாண்டியவர்களுக்கு உறக்கம் ஒரு ஒழுங்குக்கு வருகிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரி சிகிச்சையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி வழிகாட்டியது. வலிக்காரர்களுக்கும் இது பலன் தருகிறது.

இதை நடுராத்திரியில் மொபைலில் படித்துக்கொண்டிருப்பவர்கள் மிச்சத்தைக் காலையில் படிக்கலாம். கட்டுரை எங்கேயும் போய்விடாது.

பீடி சுற்றும் வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தென்காசி, ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதுதான் சோறு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. மடியில் தட்டை வைத்து, கழுத்தைக் குனிந்து, இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி என்று ஒரே இருப்பில் மணிக்கணக்காக ஓடும். ராத்திரி வலியில் முழிப்பு வந்ததும், “எப்படியும் உறக்கம் வரல, நாலு கட்டு சுத்திப் போடுவோம்” என்று தட்டை இழுத்துவைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நாளைய கணக்கில் கொஞ்சம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் பளிச்சென்ற லைட்டில் அதே கழுத்து, அதே மணிக்கட்டு, அதே இடுப்பு மறுபடி வேலை பார்க்கிறது. ரெண்டு மணி என்றால் எழுந்து வேலை பார்க்க வேண்டும் என்று உடம்பு பழகிக்கொள்கிறது. ஆயிரத்தை எப்படியாவது முடித்தாக வேண்டிய வீட்டில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். அப்படியும் ராத்திரி வேலையை விடிகாலைக்குத் தள்ளிவைக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டி மடக்கலாம். முதுகுக்குச் சுவரும், தட்டுக்கு அடியில் ஒரு தலையணையும் வைத்துக் குனிவதைக் குறைக்கலாம். சாயங்காலத்துக்கு மேல் டீயைத் தவிர்ப்பது இன்னும் கஷ்டம். டீயில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணி டீ, நள்ளிரவிலும் விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் ஊர் வழக்கம் கவலை தருகிறது. மெடிக்கலில் “கைகால் வலிக்கு ரெண்டு குடுங்கண்ணே” என்று கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவற்றை மாசக்கணக்கில் இஷ்டத்துக்குச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பிரஷர் கூடும். பேரே இல்லாத பொட்டலத்தில் வரும் மாத்திரை ஒரே நாளில் ‘அற்புதமாக’க் கேட்டால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும். பாரசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது. அதுவும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இன்னும் குறைவுதான். தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும். வயதானவர்கள் ராத்திரி தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதும் உண்டு. ‘ஒரு ரவுண்டு போட்டா உறக்கம் வருது’ என்கிற ஆண்களுக்கு வருவது முன்ராத்திரி உறக்கம் மட்டும்தான். பின்ராத்திரியில் அது கலைத்து எழுப்பிவிடும்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. நரம்பு வலிக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் ராத்திரிக்கு எழுதுவார். வீட்டில் படித்த பிள்ளை மொபைலில் தேடிவிட்டு “இது மனநல மாத்திரைம்மா” என்று சொல்ல, அம்மா அன்றோடு நிறுத்திவிடுவார். மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான், குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கேட்கிறது. வாய் உலர்வது, தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

புற்றுநோய் வலி தனிக் கணக்கு. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கத் தேவையே இல்லை. செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவரது நண்பர்களும் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், மார்ஃபின் மாத்திரையை முறையாகக் கொடுத்தால் புற்றுநோயாளி ராத்திரி உறங்கலாம் என்று காட்டியது. கேட்டால்தான் கிடைக்கும், வீட்டார் கேட்க வேண்டும்.

சில வலிகளுக்குத் தலையணையும் ஒத்தடமும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எந்தப் பக்கம் படுத்தாலும் குறையாத வலியோடு காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலித்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். இடுப்புவலியோடு மூத்திரம், மலம் போவது தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு, இடது தோள், தாடை என்று வலி பரவி வியர்த்தால் உடனே 108.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் உறக்கத்தைத் தீர்மானிக்கிறது. “இவளுக்கு எப்பவும் ஒரு நோக்காடு” என்ற பேச்சைக் கேட்டபிறகு எந்த மருமகளும் வலியைச் சொல்லமாட்டாள். சொல்லாத வலி ராத்திரியில் அழுகையாக வரும். நீண்ட நாள் வலியும் மனச்சோர்வும் கூடவே வருவது சகஜம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று நடுராத்திரியில் தோன்றினால், பக்கத்தில் படுத்திருப்பவரைத் தட்டி எழுப்பிவிடலாம். அல்லது மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உதவி ரொம்பத் தூரத்தில் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், வலி நிவாரணச் சிகிச்சையும் அதில் சேர்த்திதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் கொடுத்துவைக்கலாம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் முக்கூடலில் மத்திய அரசின் தொழிலாளர் நல மருத்துவமனை இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு இரண்டு வாரம், பிள்ளைகளின் பழைய நோட்டில் நாலே நாலு விஷயத்தை எழுதிவைப்பது நல்லது. எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை தடவை முழித்தது, எந்த இடத்தில் என்ன மாதிரி வலி, எந்த மாத்திரை எத்தனை. ராத்திரி வேண்டாம், காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். எழுதத் தெரியாத ஆச்சிக்குப் பேத்தி எழுதித் தரலாம். ‘வலி’ என்று மட்டும் போடாமல், ஆச்சி என்ன வார்த்தை சொல்கிறாரோ அதையே, குடைச்சல் என்றால் குடைச்சல் என்றே எழுத வேண்டும்.